வீடு எனக்கு, ஓய்வூதியம் அவருக்கு: விவாகரத்தில் இந்தக் கணக்கு சரிதானா?

வடலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2003ஆம் ஆண்டு திருமணமாகி, இருபத்திரண்டு ஆண்டுகள் லண்டனில் சேர்ந்து வாழ்ந்தபின் நானும் கணவரும் பிரிகிறோம். பிரிவதற்கான காரணங்களை இங்கே எழுத விரும்பவில்லை; நான் கேட்க வந்தது ஒரு கணக்கை மட்டுமே. எனக்கு வயது 48, அவருக்கு 54. அவர் 2000ஆம் ஆண்டிலிருந்து என்.எச்.எஸ். (பிரித்தானிய அரசு மருத்துவ சேவை) மருத்துவமனை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறார். பிள்ளைகள் இருவரும் சிறியவர்களாக இருந்த காலம் முழுவதும் நான் வீட்டில் இருந்தேன். கடந்த ஒன்பது ஆண்டுகளாகப் பாடசாலை ஒன்றில் ஆசிரிய உதவியாளராக இருக்கிறேன். ஆண்டுக்கு 17,000 பவுண்ட் வருகிறது. மூத்தவன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், இளையவளுக்கு 14 வயது.

எங்களிடம் இருப்பவை இவ்வளவுதான். வீட்டின் விலை 470,000 பவுண்ட் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் 95,000 மோர்கேஜ் (வீட்டுக் கடன்) கழிய 375,000 மிஞ்சும். அவருடைய என்.எச்.எஸ். ஓய்வூதியத்தின் பணமாற்று மதிப்பு, அதாவது கடிதத்தில் சி.இ.டி.வி. என்று போட்டிருப்பது, 265,000. என் பாடசாலை வேலைக்குரிய உள்ளூராட்சி ஓய்வூதியத்தின் மதிப்பு 36,000. வங்கியில் 24,000.

எல்லாவற்றையும் கூட்டினால் 700,000 வருகிறது என்றும், ஆளுக்கு 350,000 என்றும் அவர் சொல்கிறார். வீட்டையும் என் ஓய்வூதியத்தையும் நான் வைத்துக்கொண்டால் என் பக்கம் 411,000 இருக்கிறதாம். ஆகவே வங்கிப் பணம் முழுவதையும் தான் எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு 61,000 பவுண்டை நான் அவருக்குக் கொடுக்க வேண்டுமாம். திருமணத்துக்கு முந்திய மூன்று வருடச் சேவையைக் கழித்தால் நான் இன்னும் கூடத் தரவேண்டியிருக்கும் என்றும், அதைத் தான் கேட்காமல் விடுவது பெருந்தன்மை என்றும் சொல்கிறார்.

தாளில் பார்த்தால் கூட்டலும் கழித்தலும் பிழையில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அவருடைய வருடாந்த அறிக்கையில் இதுவரை சேர்ந்திருக்கும் ஓய்வூதியம் ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 பவுண்ட் என்றும், அதோடு ஒரே தடவையில் வரும் 25,000 பவுண்ட் மொத்தத் தொகை என்றும் இருக்கிறது. என்னுடையதில் ஆண்டுக்கு 3,000. இரண்டு பேரும் சமமாகப் பிரித்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டு, 67 வயதில் ஒருவர் 18,000த்துடனும் மற்றவர் 3,000த்துடனும் இருப்பது எப்படிச் சமமாகும்? அல்லது வீடு கிடைப்பதை மறந்துவிட்டு நான் பேராசையோடு பேசுகிறேனா? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

முற்றத்துமல்லிகை எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எழுதியிருக்கும் அதே கணக்கில் 2014இல் கையெழுத்திட்டவள் நான். பிள்ளைகள் படிக்கிற பாடசாலைக்குப் பக்கத்து வீடு, அடுப்படியில் இருந்து பார்த்தால் தெரிகிற முருங்கைக்காய்க் கடை, இவற்றை விட்டுப் போக மனமில்லாமல், ஓய்வூதியத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் வீட்டை வாங்கிக்கொண்டேன். எனக்கு ஆலோசனை சொன்ன சொலிசிட்டரும் ஓய்வூதிய நிபுணர் ஒருவரிடம் கேட்போம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது வெற்றி போலத்தான் இருந்தது.

இன்று எனக்கு 61 வயது. வீட்டின் விலை ஏறியிருக்கிறது என்று எல்லோரும் வாழ்த்துகிறார்கள், ஆனால் வீட்டுச் சுவரில் இருந்து மாதாமாதம் காசு வராது. இரண்டு வருடங்களுக்கு முன் கூரையில் ஒழுக்கு வந்தபோது கடன் வாங்கித்தான் திருத்தினேன். முன்னாள் கணவர் 60 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். விலைவாசி ஏறினால் அவருடைய ஓய்வூதியமும் ஏறுகிறது. நான் வீட்டை விற்றுச் சிறிய இடத்துக்குப் போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள் என்பதைத் தவிர எனக்குச் சட்டம் தெரியாது, தெரிந்தவர்கள் எழுதட்டும்.

கணக்கர் எழுதியது:

நான் சொலிசிட்டர் அல்ல. ஓய்வூதிய நிர்வாக அலுவலகம் ஒன்றில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆகையால் நான் சொல்வதைக் கேள்விகளாக எடுத்துக்கொண்டு உங்கள் சொலிசிட்டரிடம் போங்கள்.

உங்கள் கணவரின் கூட்டலில் பிழை இல்லை. கூட்டக்கூடாதவற்றைக் கூட்டியதில்தான் பிழை. எங்கள் ஊர் உறுதிகளில் ‘சீவிய உருத்து’ என்று எழுதுவார்கள் அல்லவா? தாய் தகப்பன் காணியைப் பிள்ளைக்கு எழுதிவிட்டு, தங்கள் உயிர் உள்ளவரை அதன் வருமானத்தை அனுபவிக்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அந்த உரிமைக்கு மதிப்பு உண்டு, ஆனால் அதை விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது, ஆள் போனால் அதுவும் போய்விடும். என்.எச்.எஸ். ஓய்வூதியம் பெரும்பாலும் இப்படிப்பட்டது. அதை வீட்டின் விலையோடு பவுண்டுக்குப் பவுண்ட் நிறுத்துப் பார்ப்பது, வயலில் அடுத்த முப்பது வருடம் விளையப்போகும் நெல்லையும் இன்று களஞ்சியத்தில் கிடக்கும் நெல்லையும் ஒரே தராசில் வைப்பது போன்றது. இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2001இலேயே மாஸ்கெல் வழக்கில் இதைச் சொல்லியிருக்கிறது: கையில் உள்ள மூலதனத்தையும் ஓய்வுக்காலத்தில் கிடைக்கப்போகும் உரிமையையும் ஒன்றாக எண்ணியது அடிப்படையான தவறு என்று கீழ் நீதிபதியின் கணக்கை அது குறை சொன்னது. 2006இல் மார்ட்டின்-டை வழக்கிலும் ஓய்வூதியத்தை மற்றச் சொத்துகளில் இருந்து வேறாகப் பார்க்க வேண்டும் என்றே சொன்னார்கள்.

அடுத்தது அந்த 265,000 என்ற எண். பணமாற்று மதிப்பு என்பது சந்தை விலை அல்ல. ஓர் உறுப்பினர் திட்டத்தை விட்டுப் போனால் அவர் கணக்கில் எவ்வளவு வைக்கலாம் என்று திட்டம் தன் சூத்திரங்களைக்கொண்டு போடும் தொகை அது. என்.எச்.எஸ். போன்ற அரசுத் திட்டங்களில் பின்னால் நிதி என்று ஒன்று குவிந்து கிடப்பதில்லை. ஆகவே அந்த எண், திறைசேரி நிர்ணயிக்கும் தள்ளுபடி வீதத்தை, அதாவது எதிர்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் வீதத்தை, பொறுத்து ஏறி இறங்கும். வாழ்நாள் முழுவதும் விலைவாசியோடு ஏறுகின்ற 18,000 பவுண்ட் வருமானத்தைச் சந்தையில் ஒரு காப்புறுதி நிறுவனத்திடம் வாங்கப் போனால், 265,000 கொண்டுபோகிறவரைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே, ஓய்வூதியத்தை விட்டுக்கொடுத்து வீட்டை எடுக்கும் ஒருவர், மலிவாக மதிப்பிடப்பட்ட ஒன்றை விட்டுக்கொடுக்கிறார் என்பதே நடப்பில் அதிகம்.

திருமணத்துக்கு முந்திய மூன்று வருடச் சேவை பற்றி: இருவரின் தேவைகளுக்கே சொத்து மட்டுமட்டாக இருக்கும் வழக்குகளில், திருமணத்துக்கு முன் சேர்ந்த ஓய்வூதியப் பங்கைக் கழித்து ஒதுக்குவது பொதுவாகப் பொருந்தாது என்று 2020இல் நீதிபதி ஹெஸ் ஒரு தீர்ப்பில் விளக்கமாக எழுதினார். மூலதனத்தின் சமத்துவத்தைவிட ஓய்வுக்கால வருமானத்தின் சமத்துவமே அப்படிப்பட்ட வழக்குகளில் பல வேளைகளில் நியாயமான இலக்கு என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. உங்களுடையது அத்தகைய குடும்பம்தான். ஆகவே அவருடைய ‘பெருந்தன்மை’க்கு அதிக விலை கொடுக்க வேண்டாம்.

வழி என்ன என்றால், 2000ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி முதல் தொடங்கிய விவாகரத்து வழக்குகளில் ஓய்வூதியத்தையே நேரடியாகப் பிரிக்கும் ஓய்வூதியப் பகிர்வு ஆணையை நீதிமன்றம் கொடுக்கலாம். அவருடைய திட்டத்திலிருந்து ஒரு சதவீதம் வெட்டப்பட்டு உங்கள் பெயரில் தனி உரிமையாக அதே என்.எச்.எஸ். திட்டத்துக்குள் வைக்கப்படும், அதை வெளியே எடுத்துக்கொண்டு போக முடியாது. அவர் பிறகு இறந்தாலும், மறுமணம் செய்தாலும் உங்கள் பங்கு உங்களுடையது. ஆனால் 50 சதவீதம் என்று எழுதினால் வருமானமும் பாதி பாதியாக வரும் என்று நினைத்துவிடாதீர்கள். இருவருக்கும் ஆறு வயது வித்தியாசம் இருப்பதாலும், எடுக்கும் வயது வேறுபடுவதாலும், பாதி மதிப்பு பாதி வருமானமாக மாறாது. எத்தனை சதவீதம் வெட்டினால் இருவருக்கும் சம வருமானம் வரும் என்பதைக் கணித்துச் சொல்வதற்கென்றே விவாகரத்து ஓய்வூதிய நிபுணர்கள் இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து ஒரே நிபுணரை நியமித்தால் செலவைப் பங்கிடலாம்.

2019 ஜூலையில் நீதிபதிகளும் சொலிசிட்டர்களும் கணிப்பாளர்களும் சேர்ந்த ஓய்வூதிய ஆலோசனைக் குழு இந்த விடயம் முழுவதற்கும் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. பின்னர் இரண்டாம் பதிப்பும் வந்தது. அதை ஒட்டி அட்வைஸ்நவ் தளத்தில் பொதுமக்களுக்கான எளிய கையேடும் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டையும் அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு இருந்து படியுங்கள்.

தாமிரபரணி எழுதியது:

மறுபக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். என் விவாகரத்தில் ஓய்வூதியம் என்னுடையதாக இருந்தது. கணக்கர் ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவை சரி. ஆனால் தராசின் மற்றத் தட்டைத் தொடாமலே விட்டுவிட்டார்.

வீட்டை விற்றால் வரும் பணத்துக்கு, அது குடியிருந்த ஒரே வீடாக இருந்தால், பொதுவாக வரி இல்லை, இன்றைக்கே செலவழிக்கலாம். ஓய்வூதியத்தில் மொத்தத் தொகை போக, மாதாமாதம் வருவதெல்லாம் வருமான வரிக்கு உட்பட்ட வருமானம். அடிப்படை வீதமே 20 சதவீதம். அதோடு, அவர் 54 வயதில் அந்த ஓய்வூதியத்தை வெட்டு இல்லாமல் முழுதாக எடுக்க முடியாது; முழுதாக வருவது ஒரு பகுதி 60 வயதில், மறுபகுதி அரசு ஓய்வூதிய வயதில். எனவே வீட்டுக்கு ஈடாக ஓய்வூதியத்தை வைக்கும்போது, வரிக்காகவும் காத்திருப்பதற்காகவும் ஓய்வூதியத்தின் மதிப்பைக் குறைக்க வேண்டும் என்று கணவர் தரப்பு வாதிட்டால் அதில் நியாயம் இருக்கிறது. எவ்வளவு குறைப்பது என்பதற்குச் சட்டத்தில் நிலையான எண் கிடையாது. சந்தை விலையின்படி மேலே ஏற்ற வேண்டியதும், வரியின்படி கீழே இறக்க வேண்டியதும் ஒன்றையொன்று ஓரளவு தின்றுவிடுவதும் உண்டு. மல்லிகை அம்மாவுக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. ஆனால் வீட்டை எடுத்தவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள் என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். 14 வயதுப் பெண்ணுக்கு இன்றைக்கு வேண்டியது கூரை.

உண்மையில் எனக்குக் கவலை தருவது வேறொன்று, சகோதரி. அவர் சொல்வதுபோலவே செய்ய நினைத்தாலும் உங்களால் முடியுமா? வீடு உங்கள் பெயருக்கு மாற வேண்டுமானால் 95,000 மோர்கேஜை நீங்கள் தனியாக ஏற்க வேண்டும். மேலே 61,000 கொடுப்பதற்கும் கடன் வாங்கினால் மொத்தம் 156,000. வங்கிகள் வழக்கமாக வருமானத்தைப்போல நான்கரை மடங்கு வரை யோசிப்பார்கள். 17,000க்கு அது 76,500. ஜீவனாம்சத்தையும் அரசு உதவித் தொகைகளையும் சில வங்கிகள் சேர்த்துப் பார்ப்பார்கள் என்றாலும் இடைவெளி பெரியது. அந்த யோசனை நியாயமா என்று வாதாடுவதற்கு முன்பே அது நடக்காத யோசனை என்று காட்டிவிடலாம். முதலில் ஒரு மோர்கேஜ் தரகரிடம் உங்கள் தகுதியை எழுத்தில் வாங்குங்கள்.

அவருக்கும் குடியிருக்க இடம் வேண்டும் என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். ஆகவே வீடு முழுவதும் உங்களுக்கு, ஓய்வூதியத்திலும் பாதி உங்களுக்கு என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் வரும். வீட்டில் உங்களுக்குக் கூடிய பங்கு, அவருக்குக் குறைந்த பங்கு, அதற்கேற்ப ஓய்வூதியத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகிர்வு என்ற கலப்புதான் என் வழக்கில் நடந்தது. இளைய மகள் 18 வயதாகும் வரை வீட்டு விற்பனையைத் தள்ளிவைக்கும் மெஷர் ஆணை என்றும் ஒன்று இருக்கிறது. அதன் குறை, நான்கு வருடம் கழித்து, சம்பளம் கூடாமல் வயது மட்டும் கூடிய நிலையில் நீங்கள் வீடு தேட வேண்டியிருக்கும் என்பது.

கிளாஸ்கோவாசி எழுதியது:

இதைப் படிக்கும் ஸ்கொட்லாந்து வாசிகளுக்கு ஒரு குறிப்பு. மேலே எழுதப்பட்டவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. எங்கள் பக்கத்தில் 1985ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தின்படி, திருமணத்துக்கும் பிரிந்த நாளுக்கும் இடையில் சேர்ந்த ஓய்வூதியப் பங்கு மட்டுமே பிரிவினைக்கு வரும். லண்டன் உறவினர் சொன்னதைக் கேட்டு இங்கே பேரம் பேசப் போய்விடாதீர்கள்.

வடலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தாமிரபரணி அண்ணா சொன்ன 156,000 கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. இத்தனை நாளும் நியாயத்தைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறேன், கடன் கிடைக்குமா என்று யோசிக்கவேயில்லை.

கணக்கர் ஐயா, அவர் காட்டிய கடிதத்தை நேற்றிரவு மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். 265,000 என்று போட்டிருக்கும் அந்தக் கடிதத்தின் திகதி 2022 நவம்பர். நாங்கள் முதன்முறை பிரிவதைப் பற்றிப் பேசிய காலத்தில் அவர் எடுத்தது. மூன்று வருடத்தில் கொஞ்சம் கூடியிருக்கும், பெரிய வித்தியாசம் இராது என்கிறார். அப்படித்தானா?

இன்னொன்று. எனக்கு அரசு ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்குமா என்றும் தெரியவில்லை. வேலை செய்யாத பத்து வருடங்கள் இருக்கின்றன.

கணக்கர் எழுதியது:

அந்தத் திகதியை நீங்கள் பார்த்தது நல்லதாயிற்று. 2023 மார்ச் 30ஆம் திகதி, அரசுத் திட்டங்களுக்கான தள்ளுபடி வீதத்தை, விலைவாசி உயர்வுக்கு மேல் 2.4 சதவீதம் என்பதிலிருந்து 1.7 சதவீதமாகத் திறைசேரி குறைத்தது. வீதம் குறைந்தால் எதிர்கால வருமானத்தின் இன்றைய மதிப்பு கூடும். புதிய காரணிகள் வரும்வரை மதிப்புக் கடிதங்கள் வழங்குவதையே சிறிது காலம் நிறுத்தி வைத்தார்கள். அதாவது உங்கள் கணவரின் ஓய்வூதியம் ஒரு பென்னிகூட ஏறாமல் இருந்திருந்தாலும், அதன் பணமாற்று மதிப்பு அந்த ஒரு முடிவினால் மட்டும் ஏறியிருக்கும். இதற்கு மேல் மூன்று வருடச் சேவையும், அந்த வருடங்களின் விலைவாசி உயர்வும் சேர்ந்திருக்கின்றன. பெரிய வித்தியாசம் இராது என்று சொல்பவர் புதிய கடிதத்தை எடுத்துக் காட்டட்டும்.

நிதி விபரங்களை வெளிப்படுத்தும் ஃபார்ம் இ படிவமே கடந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் பெற்ற மதிப்பைத்தான் கேட்கிறது. ஆகவே 2022 கடிதத்தை வைத்துப் பேச்சுவார்த்தை நடத்த நீங்கள் சம்மதிக்க வேண்டியதில்லை. புதிய கடிதம் வரும்போது இன்னொன்றையும் பாருங்கள். அவர் வயதை வைத்துப் பார்த்தால் 2015 ஏப்ரலில் பழைய 1995 பிரிவிலிருந்து புதிய திட்டத்துக்கு மாற்றப்பட்டிருப்பார். இப்படி மாற்றியதில் வயதின்படி பாகுபாடு காட்டியது சட்டவிரோதம் என்று சொன்ன மெக்ளவுட் தீர்ப்புக்குப் பின், 2015 முதல் 2022 வரையான ஏழு வருடச் சேவைக்கு எந்தத் திட்டத்தின் பலனை எடுப்பது என்பதை ஓய்வு பெறும்போது தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. அது மதிப்பில் எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று நிபுணரிடம் கட்டாயம் கேளுங்கள். வீட்டிலிருந்து கணக்குப் போடக்கூடிய விடயம் அல்ல இது.

அரசு ஓய்வூதியத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 2025–26இல் முழுப் புதிய அரசு ஓய்வூதியம் வாரம் 230.25 பவுண்ட், அதற்குப் பொதுவாக 35 தகுதி வருடங்கள் வேண்டும். பிள்ளைக்கு 12 வயது நிரம்பும் வரை குழந்தை உதவித் தொகை யார் பெயரில் கோரப்பட்டதோ அவருக்குத் தேசியக் காப்புறுதி வரவு தானாகச் சேரும். உங்கள் பெயரில் கோரியிருந்தால் அந்தப் பத்து வருடங்களும் உங்கள் பதிவில் இருக்கும். நம்மவர் வீடுகளில் பலர் அதைக் கணவர் பெயரில் போட்டுவிடுவார்கள், அப்படியானால் மாற்றித்தரக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அரசின் இணையத்தளத்தில் உங்கள் பதிவை இன்றே பாருங்கள். அந்தப் புதிய ஓய்வூதியத்தின் அடிப்படைத் தொகையைக் கணவனும் மனைவியும் பகிர முடியாது. ஆகவே உங்கள் பதிவை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

கடைசியாக, எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. விவாகரத்தின் இறுதி ஆணை வந்த கணமே நீங்கள் சட்டப்படி மனைவி அல்ல. அதன்பின் அவர் இறந்தால் என்.எச்.எஸ். திட்டத்தின் விதவை ஓய்வூதியம் உங்களுக்கு இல்லை. அதற்குள் பகிர்வு ஆணையும் வந்திருக்காவிட்டால் இரண்டும் போய்விடும். பகிர்வு ஆணை நடைமுறைக்கு வருவது, ஆணை பிறந்து 28 நாள் கழிந்த நாள், இறுதி ஆணை வந்த நாள் இவற்றில் பிந்தியதில்தான். ஆகவே நிதி ஆணையை நீதிமன்றம் ஒப்புக்கொண்டு, அந்த 28 நாளும் கழியும் வரை இறுதி ஆணைக்கு விண்ணப்பிக்காமல் இருப்பதே வழக்கம். அதன்பின் தேவையான பத்திரங்கள் எல்லாம் கிடைத்ததிலிருந்து பகிர்வை நிறைவேற்றத் திட்டத்துக்கு நான்கு மாதம் அவகாசம் உண்டு. அதற்கான கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் ஆணையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வடலி எழுதியது:

ஐயா, இறுதி ஆணைக்கு முந்திய கட்டமான நிபந்தனை ஆணை எங்களுக்குக் கடந்த மாதமே வந்துவிட்டது. ஆறு வாரமும் ஒரு நாளும் கழிந்தவுடன் இறுதி ஆணைக்கு விண்ணப்பித்து, முதலில் இதை முடித்துவிடுவோம், காசை ஆறுதலாகப் பேசலாம் என்று அவர் சொன்னதற்கு நானும் தலையாட்டியிருந்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை விண்ணப்பிக்க இருந்தேன். இன்று காலை சொலிசிட்டருக்குத் தொலைபேசியில் சொல்லி நிறுத்திவிட்டேன். கணவரும் தன் பக்கத்திலிருந்து விண்ணப்பிக்க முடியும் என்பதால், நிதி ஆணை வரும்வரை விண்ணப்பிக்கமாட்டேன் என்று எழுத்தில் உறுதி கேட்டுக் கடிதம் அனுப்புகிறோம். புதிய மதிப்புக் கடிதத்தையும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறோம். வந்ததும் எண்ணை இங்கே எழுதுகிறேன்.